தேதி மட்டும் காலி

அந்தக் கடிதத்தை அடித்தது நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு,
நகராட்சித் தகரக் கூரையில்
ஆலங்கட்டி கொட்டிய மாலை.
மேயராகப் போகிறவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
“குடும்பக் காரணங்களால், முழு மனதோடு,
எவருடைய வற்புறுத்தலும் இன்றி
என் பதவியை ராஜினாமா செய்கிறேன்.”
வற்புறுத்தலில் எழுத்துக் கம்பிகள் சிக்கின.
அவர் காத்திருந்தார். சிக்கெடுத்தேன்.
தேதிக்கு இடம் விடு, என்றார்.
இரண்டு விரற்கடை விட்டேன்.
கீழே இடது மூலையில், வழக்கம்போல,
அடித்தவள் யாரென்று இரண்டெழுத்து: ரொ. வி.

நெமேசியா லாருத்தா கையெழுத்துப் போட்டாள்.
போடாவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை.
ஆண் ஒன்று பெண் ஒன்று
மாறி மாறி வேண்டுமென்றது சட்டம்.
சரி, என்றது ஊர்.
கொடுக்கும்போதே திரும்ப வாங்கவும்
ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டது.
அவளுக்கு மாற்று உறுப்பினன் எலியோதோரோ
பதவியேற்பு நாளிலேயே
புதுச் சட்டையில் வந்தான்.

செவேரினாவும் ஜெயித்திருந்தாள்.
அவள் கடிதத்துக்குப் பதினெட்டாம் நாளே
தேதி வந்துவிட்டது.
இப்போது ஆடு மேய்க்கிறாள்,
என்னைக் கண்டால் பாதை மாறுகிறாள்.

அடுத்த கூட்டத்தில்
ஐந்து பேருக்கு நான்கு நாற்காலி.
நெமேசியா தன் வண்டியிலிருந்து
உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை இறக்கி
இழுத்து வந்து அதன்மேல் உட்கார்ந்தாள்.
நாற்காலியைவிட மூட்டை உயரம்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
இருமலாக மாற்றிக்கொண்டேன்.

ஆறு மாதம் ஒரே கேள்வி.
வியாழன் சந்தையில் இருநூற்றுப் பதினான்கு கடை,
இருநூறுக்கு மேல் பெண்கள் போட்டவை,
கடைக்கு நாளொன்றுக்கு இரண்டு பொலிவியானோ.
அந்தக் காசு எங்கே?
மைதானத்துக்கு.
புல்லுக்கே மூச்சு வாங்கும்
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
பச்சை பிளாஸ்டிக் புல்.
“விடிந்ததிலிருந்து மதியம்வரை
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு விற்கிறோம்.
ஒரு கழிப்பறை கட்ட
எத்தனை வியாழன் வேண்டும்?”
குறிப்பேட்டில் நான் எழுதியது:
உறுப்பினர் லாருத்தா கருத்துத் தெரிவித்தார்.

நவம்பரில் உறையைப் பிரித்தார்கள்.
செவேரினாவின் தேதியை வேறு யாரோ போட்டதில்
லா பாஸிலிருந்து கேள்வி வந்திருந்தது.
எனவே, “நீயே போடு,” என்றார் மேயர்.
பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை.
மெதுவாக எழுதினாள்.
நாள். மாதம்.
ஆண்டை எழுதுமுன் விரல்விட்டு எண்ணினாள்.
பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

அவளுடைய ஐந்தாண்டுப் பதவி முடியும் நாள்.

“முழு மனதோடுதான் போகிறேன்,” என்றாள்,
“அன்றைக்கு.”

மேயரின் கை மேசைமேல் பாய்ந்தது.
வீரம் என்று சொல்ல ஆசைதான்.
ஆனால் தேதியிட்ட கடிதம் வந்தால்
முத்திரை குத்துவது என் வேலை,
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.
குத்தினேன்.
பெறப்பட்டது.

அன்று மைதானம்தான் ஜெயித்தது,
நான்குக்கு ஒன்று.
இரவில் யாரோ எறிந்த கல்
அவள் வண்டியின் கண்ணாடியை உடைத்தது.
அட்டை ஒட்டி ஓட்டுகிறாள்.

அடுத்த வியாழன்
வரி வாங்கப் போனவன் வெறும் பையோடு திரும்பினான்.
கட்டமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லையாம்.
“ரசீதை எழுதி வை,
தேதியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்,” என்றார்களாம்,
ஒருத்தி விடாமல்.

அந்தக் கூட்டக் குறிப்பை மறுபடி அடித்தேன்.
அவள் சொன்னதைச் சொன்னபடி,
மூத்திரம் உட்பட.
கீழே இடது மூலையில்
ரொஹேலியா வில்கா.
இரண்டெழுத்துக்கு விட்ட இடம்,
பெயர் அடங்கவில்லை;
கடைசி எழுத்து
மேயரின் கையெழுத்துக் கோட்டின்மேல் ஏறி நிற்கிறது.